பதினோரு பவுணும் ஒரு சிரட்டைத் துண்டும்

பாசிக்குடாவுக்குக் குளிக்க வருகிறவர்களின் புத்தியை நினைத்தாலே செசீலியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஃபோனைச் சப்பாத்துக்குள் வைப்பார்கள். சப்பாத்தைத் துவாயில் சுற்றுவார்கள். துவாயை மணலில் போட்டு, அதற்கு மேலே ஒரு தண்ணீர்ப் போத்தலை நிறுத்திவிட்டு, வங்கியில் பூட்டிவிட்டு வந்தவர்களின் நிம்மதியோடு கடலுக்குள் இறங்கிவிடுவார்கள். இன்னும் சிலர் மணலைத் தோண்டிப் புதைப்பார்கள். அடையாளத்துக்கு ஒரு குச்சி நடுவார்கள். திரும்பி வந்து பார்த்தால் குச்சி ஏதாவது ஒரு நாயின் வாயில் இருக்கும். அதற்குப் பிறகு அந்தக் கரையில் வேலை செய்கிற அத்தனை பேரும் கள்ளர்கள்.

"சப்பாத்துக்குள்ள வெச்சாக் கள்ளனுக்குத் தெரியாதாம். கள்ளன் முதல்ல பாக்கிறதே சப்பாத்துக்குள்ளதானே" என்று செசீலியா போகிற வருகிறவர்களுக்குக் கேட்கும்படியாகவே சொல்வாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆள் கட்டை. குரல் மட்டும் அந்தக் கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகும்.

படகுகள் நிற்கிற இடத்துக்கு நேரே மேலே, மணல் முடிகிற இடத்தில் அவளுடைய இடம் இருக்கிறது. குளித்துவிட்டு வருகிறவர்கள் உப்பைக் கழுவ இரண்டு சின்னக் குளியலறைகள். அவளுடைய கணவன் ஜெயராஜா மேசன் வேலைக்காரர், அவர் கட்டிக் கொடுத்தது. பக்கத்தில் தகரம் போட்ட ஓர் அறை. அறைக்குள் ஓர் இரும்பு அலுமாரி. அலுமாரிக்குள் மூடி போட்ட நாற்பது பால்மாத் தகரப் பேணிகள். கடலுக்குள் கொண்டுபோகக் கூடாததை எல்லாம் சனங்கள் அந்தப் பேணிகளில் போட்டுவிட்டுத்தான் மீன் பார்க்கப் போவார்கள். மோதிரம், கடவுச்சீட்டு, கார்ச் சாவி, ஒருமுறை ஒரு கிழவரின் பொய்ப்பல்.

யாருடைய பேணி எது என்பதற்கு அவளிடம் ஒரு முறை உண்டு. காய்ந்த சிரட்டையில் ஒரு துண்டை எடுத்து, கல்லில் வைத்து, சுத்தியலால் ஒரு போடு போடுவாள். துண்டு இரண்டாகும். இரண்டிலும் துளை போட்டுத் தூண்டில் நரம்பு கோர்ப்பாள். ஒன்று பேணியோடு இருக்கும். மற்றது குளிக்கப் போகிறவரின் மணிக்கட்டில் இருக்கும். திரும்பி வந்ததும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பாள். உடைந்த விளிம்பு பல்லுக்குப் பல் கவ்வினால் பேணி திறக்கும். கவ்வாவிட்டால் வந்தவர் யாராக இருந்தாலும் திறக்காது. இலக்கம் எழுதிக் கொடுத்தால் அதை யாரும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லலாம். உடைந்த சிரட்டைக்கு உலகத்தில் ஒரே ஒரு சோடிதான். உப்புத் தண்ணீரும் அதை ஒன்றும் செய்யாது. ஒருமுறை ஒரு மாநகர சபைக்காரர் தன் துண்டைத் தொலைத்துவிட்டு வந்து, தான் யார் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று செசீலியா சொன்னாள். அவருடைய ஆட்கள் முழங்காலளவு தண்ணீரில் ஒரு மணித்தியாலம் குனிந்து தேடி அந்தத் துண்டை எடுத்து வந்த பிறகுதான் அவருக்குக் கண்ணாடியும் பணப்பையும் கிடைத்தன.

துண்டு பொருந்தாமல் பொருள் இல்லை. எந்தப் பேணியில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் சொல்வதில்லை. அவளுடைய சட்டம் இவ்வளவுதான். மூன்றாவதாக ஒன்றைப் பலகையில் எழுதி வாசலிலேயே தொங்கவிட்டிருந்தாள். தாலி ஏற்கப்படமாட்டாது. தாலியோடு கணவன் வருவான், மாமியார் வருவாள், சாத்திரக்காரனும் வருவான். அந்தக் கரைச்சல் தனக்கு வேண்டாம் என்பது அவளுடைய கணக்கு.

இந்தக் கண்டிப்பு சும்மா வந்ததில்லை. இருபது வருடங்களுக்கு முன்பு, சுனாமி வந்த வருடம், நத்தாருக்கு முந்திய நாள், கல்குடாவில் அவளுடைய பக்கத்து வீட்டுப் பெண் பிரசவத்துக்காக மட்டக்களப்புக்குப் போகும்போது தன்னுடைய ஏழு காப்பையும் ஒரு சங்கிலியையும் ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு செசீலியாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நத்தாருக்கு மறுநாள் கடல் எழும்பி வந்தது. செசீலியா மகனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வீடு போனது, போத்தலும் போனது. முகாமில் பிள்ளையோடு வந்து நின்ற அந்தப் பெண்ணிடம், கடல் கொண்டு போய்விட்டது என்று சொன்னாள். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள்தான் சொன்னார்கள். "கடல் எடுத்ததாம், கேட்டீங்களா?" அடுத்த வருடம் ஜெயராஜா ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினபோது, அந்தச் சைக்கிளில் எத்தனை காப்பு ஓடுகிறது என்று கோவில் வாசலிலேயே எண்ணிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு செசீலியாவிடம் யாரும் ஒரு கரண்டியைக்கூடக் கொடுத்து வைக்கவில்லை.

முதன்முதலில் கொடுத்தது றிஸ்லான். ஓட்டமாவடிக்காரன். கடலடியில் பவளம் போல் வளர்ந்த முருகைக்கல்லைப் பார்க்க ஆட்களைப் படகில் ஏற்றிப் போகிறவன். அப்போது அவளிடம் குளியலறைகள் மட்டும்தான் இருந்தன. ஒருநாள் வந்து ஃபோனையும் கலியாண மோதிரத்தையும் அவளுடைய கையில் வைத்தான். "என்னைப் பத்தி ஆக்கள் கதைக்கிறது உனக்குத் தெரியாதா?" என்று அவள் கேட்டாள். "தெரியும். அதுக்கென்ன? நான் கடலுக்குப் போறன், இது நனையக்கூடாது" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். பிறகு தன் படகில் ஏறுகிறவர்களை எல்லாம் அவளிடம் அனுப்பினான். பேணிகள் வந்தன, அலுமாரி வந்தது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு மோதிரம்கூடத் தவறவில்லை. அவளிடம் சொத்து என்று சொல்ல இருந்தது அந்தப் பெயர்தான்.

அந்தப் பெயருக்குத்தான் இப்போது ஒருவர் குறி வைத்திருந்தார். பக்கத்து ஹோட்டலின் மனேஜர். அவளுடைய தகர அறை தங்கள் விருந்தாளிகளின் கண்ணுக்கு உறுத்துகிறதாம். "ஒரு கம்ப்ளெய்ன்ட் வரட்டும் அம்மா, ஒண்டே ஒண்டு. அதுக்குப் பிறகு நீங்க இஞ்ச இருக்கமாட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தச் சிரிப்பை நினைத்து செசீலியா ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை.

இது நடந்தது போன ஆனி மாதத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அவள் அலுமாரியைத் திறந்துகொண்டிருந்தபோது றிஸ்லான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றான். மூக்கடைத்து நல்ல தடிமன். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"இந்தத் தடிமனோட தண்ணிக்க இறங்கினியெண்டா உன்ட மனுசிக்கு நானே கோல் எடுத்துச் சொல்லுவன்" என்றாள் செசீலியா.

"இறங்கல்ல செசீலியாக்கா. போட்ல இருந்து காட்டிட்டு வாறன். இண்டைக்கு ஒரு கனடாக் குடும்பம் இரிக்கி." ஃபோனையும் மோதிரத்தையும் கொடுத்துவிட்டு, சிரட்டைத் துண்டைக் கையில் கட்டிக்கொண்டு போனான்.

கனடாக் குடும்பம் கரைக்கு வந்தது. கனடாவிலிருந்து ஒரு மாத லீவில் வந்த மகன், களுவாஞ்சிகுடியிலிருந்து அவனுடைய தாய், அவன் கட்டி இரண்டு கிழமையே ஆன பெண். "உதயரூபன், தொப்பியப் போடு மகன்" என்று தாய் மரத்தடியில் கதிரையில் இருந்தபடி சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். உதயரூபன் முதல் ஆளாகப் படகில் ஏறிக் கண்ணாடியை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். றிஸ்லான் எல்லாருக்கும் சொல்கிற மாதிரி அந்தப் பெண்ணுக்கும் சொன்னான்: கழுத்தில், காதில் இருக்கிறதைக் கழற்றி அந்த அக்காவிடம் கொடுத்துவிட்டு வாங்க.

அந்தப் பெண் வந்து வாசலில் நின்றாள். கழுத்து வரைக்கும் மூடிய நீச்சல் சட்டை. தோட்டையும் மோதிரத்தையும் கொடுத்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சட்டைக்குள் கையை விட்டுத் தாலிக்கொடியை வெளியே எடுத்தாள்.

"அன்டி, இதையும் வெச்சிருக்கீங்களா?"

"தாலி எடுக்கிறல்ல புள்ள. பலகையில எழுதிக் கிடக்கு, வாசிக்கத் தெரியாதா?"

"வாசிச்சன். பதினோரு பவுண் அன்டி. போன மாதம் ஒராள்ட சங்கிலி மிதவைச் சட்டைட கொளுக்கியில மாட்டி அறுந்து போயிட்டாமே. இது அறுந்தா நான் செத்தன்."

"அப்ப கரையில இரு. மீன் பாக்காட்டிச் சாகமாட்டாய்."

"அவருக்குக் கோபம் வரும். லீவெடுத்து வந்ததே இதுக்குத்தானாம்."

"மாமிக்கிட்டக் குடு."

"ஐயோ, மாமிக்குக் கழட்டினதே தெரியக்கூடாது. குளிக்கக்குள்ளயும் கழட்டக்கூடாதெண்டு சொல்லித்தான் கட்டவே விட்டவங்க."

செசீலியா இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்போது, கொடியைத் தலைவழியாகக் கழற்றக் குனிந்த அந்தப் பெண்ணின் பிடரியைக் கண்டாள். பதினோரு பவுண் பாரம் அந்த ஒல்லிக் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தது. இரண்டு கிழமையாக அவள் அதோடுதான் படுத்து எழும்புகிறாள். செசீலியாவுக்கு அந்தக் கோட்டின் மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் சட்டத்தை மறந்தாள்.

"கொண்டா" என்று வாங்கிப் பேணியில் போட்டாள். சிரட்டையை உடைத்து ஒரு துண்டை அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் கட்டிவிட்டாள்.

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டீங்கதானே அன்டி?"

"என்ட பேணிக்குள்ள இருக்கிறத நான் மாதாவுக்கும் சொல்றல்ல. சொன்னாச் சொன்னதுதான். போ."

முக்கால் மணித்தியாலம் கழித்துக் கரையில் சத்தம் கேட்டது. செசீலியா ஒரு சிங்களக் குடும்பத்தின் பிள்ளைகளுக்குக் குளியலறையைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தபோது மரத்தடியில் ஒரு கூட்டம். அந்த மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள். கரைக்கு வந்த படகு மறுபடி திரும்பி முருகைக்கல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு படகும் போனது. அன்னாசி விற்கிற வல்லிபுரம் மேலே ஓடி வந்தார்.

"என்ன வல்லிபுரம், ஆரும் தண்ணிக்க மூழ்கிட்டாங்களா?"

"இல்லக்கா. அந்தக் கனடாக்காரர்ர புது மனுசிட தாலிக்கொடி கடலுக்க விழுந்திட்டாம். பதினோரு பவுணாம். மாமிக்காரி துவாயப் போத்தக்குள்ள கழுத்தத் தொட்டுப் பாத்திரிக்கா, கொடியக் காணல்லயாம். றிஸ்லான் திருப்பிப் போயிட்டான்."

"தடிமனோடயா?"

"ஓம், நான் வேணாமெண்டுதான் சொன்ன. என்ட போட்ல வந்த பொம்பளைட தாலி, நான் பாத்துக்கிட்டு நிக்கவா எண்டு கேட்டிட்டுப் போறான். அங்க நாலு பாகம் ஆழம் இருக்குமே அக்கா."

நாலு பாகம் என்றால் ஒரு தென்னையின் பாதி உயரம். செசீலியாவின் கை தானாக இடுப்புச் சாவியில் போய் நின்றது. அலுமாரியில் இருபத்தேழாவது பேணி. கடலில் விழுந்த தாலி அங்கேதான் கிடந்தது. அதற்கு இரண்டு பேணி தள்ளி றிஸ்லானுடைய ஃபோன் கிடந்தது. அவனுக்குக் கோல் எடுக்கவும் வழியில்லை.

தூரத்தில் ஒரு தலை தண்ணீருக்குள் போவது தெரிந்தது. அரை நிமிடம் கழித்து மேலே வந்தது. முதல் முறை.

அப்போதுதான் அந்தப் பெண் துவாயைப் போர்த்துக்கொண்டு வந்தாள். கால் கழுவ வந்த மாதிரி. குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்று செசீலியாவின் கையைப் பிடித்தாள்.

"அன்டி, சொல்லிடாதீங்க. மாமி கழுத்தத் தொட்டிட்டா. எனக்கு வாயில வந்ததச் சொல்லிட்டன்."

"உனக்கு வாயில வந்ததுக்குக் கடலுக்க மூண்டு பேர் நிக்கிறாங்க."

"கொஞ்ச நேரம் தேடிட்டு வந்திடுவாங்க. பின்னேரம் நான் வந்து எடுத்துக்கிறன். சட்டைக்குள்ள மாட்டுப்பட்டுக் கிடந்திச்சு எண்டு சொல்லிக்கிறன்."

"அவனுக்குத் தடிமன் புள்ள. தடிமனோட ஆழத்துக்குப் போனாக் காது வெடிக்கும். தெரியுமா உனக்கு?"

அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவளுக்கு இடமும் இருக்கவில்லை. பயம் முழுவதும் மரத்தடியில் இருந்தது. "அந்தப் போட்காரருக்கு ஏதும் காசு குடுக்கச் சொல்றன் அன்டி" என்றாள்.

செசீலியாவுக்குக் கன்னத்தில் ஒன்று விடலாம் போல் இருந்தது. "போ. இப்பவே போய்ச் சொல்லு. உன்ட வாயால சொல்லு. நான் வந்து சொன்னா அது வேற கதையாப் போயிரும்."

"சொல்றன் அன்டி. சத்தியமாச் சொல்றன்."

அவள் போனாள். செசீலியா வாசலில் நின்று பார்த்தாள். அந்தப் பெண் மாமியாரின் பக்கத்தில் போய் இருந்தாள். தலையைக் குனிந்தாள். யாரோ அவளுக்குச் செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். யாரோ முதுகைத் தடவினார்கள். கடல்தானே பிள்ளை, யார் என்ன செய்ய முடியும் என்று ஒரு பெண் சொன்னது இங்கே மேல்வரைக்கும் கேட்டது. அந்தப் பெண் இளநீரைக் குடித்தாள். வாயைத் திறக்கவில்லை.

கடல் எடுத்தது என்று இவள் சொன்னதும் எல்லாரும் நம்பிவிட்டார்கள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. படகை எடுத்தார்கள், குதித்தார்கள், இளநீர் வெட்டினார்கள். வீடும் கூரையும் இழந்து, பிள்ளையின் காற்சட்டையைக் கூடக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற செசீலியா இதே சொல்லைச் சொன்னபோது, அதை உண்மையாகவே சொன்னபோது, ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. இருபது வருடம் அவள் அந்தச் சிரிப்பைச் சுமந்திருக்கிறாள். இந்தப் பெண் பொய்யைச் சொல்லிவிட்டு இளநீர் குடிக்கிறாள். செசீலியாவுக்குக் கோபத்தில் கண் இருட்டியது. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தலை மறுபடி தண்ணீருக்குள் போனது. இரண்டாவது முறை.

அவள் உடனே இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் உண்மை. ஹோட்டல் மனேஜர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் வந்து நின்றிருந்தார். கடலில் போன தாலி செசீலியாவின் அலுமாரியிலிருந்து வந்தால் என்ன சொல்வார்கள்? தாலி எடுக்கமாட்டோம் என்று பலகை வேறு தொங்குகிறது. ஹோர்லிக்ஸ் போத்தல், மோட்டார் சைக்கிள், எல்லாவற்றையும் மறுபடி தோண்டி எடுத்துக் கழுவி வைப்பார்கள். அந்தப் பெண்ணே வாய் திறந்துவிட்டால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். இப்போது திறப்பாள், இதோ திறக்கப் போகிறாள் என்று செசீலியா பார்த்துக்கொண்டே நின்றாள்.

மூன்றாவது முறை அந்தத் தலை உள்ளே போய், மேலே வர நேரம் எடுத்தது.

அலுமாரியைத் திறந்து இருபத்தேழாவது பேணியை எடுத்துக்கொண்டு செசீலியா மணலில் இறங்கினாள். செருப்பைக்கூடப் போடவில்லை. வழியில் நின்றவர்களைத் தோளால் இடித்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்றாள்.

"புள்ள, உன்ட துண்டக் குடு."

"என்ன துண்டு?" என்று மாமியார் கேட்டாள்.

செசீலியா அவளைப் பார்க்கவில்லை. "கையை நீட்டு. துண்டு பொருந்தினாத்தான் பேணி திறக்கும்."

அந்தப் பெண் துவாய்க்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். மணிக்கட்டில் சிரட்டைத் துண்டு தொங்கியது. செசீலியா பேணியின் துண்டை அதோடு சேர்த்தாள். எல்லாரும் பார்க்கும்படியாகப் பிடித்துக் காட்டினாள். பிறகு மூடியைத் திறந்து, தோடு, மோதிரம், கடைசியில் தாலிக்கொடி என்று ஒவ்வொன்றாக அவளுடைய மடியில் வைத்தாள்.

தாயின் பக்கத்தில் மணலில் இருந்த உதயரூபனுக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் பாய்ந்து எழும்பினான். "என்ன விளையாட்டு இது? நாங்க கடலெல்லாம் தேடுறம், நீங்க அலுமாரிக்க வெச்சுக்கிட்டு நிக்கிறீங்களா?"

"இதுக்குத்தான் சேர் நான் எல்லா கெஸ்டுக்கும் சொல்றது, வெளியாக்கள்ட ஒண்டும் குடுக்காதீங்கண்டு" என்றார் மனேஜர். அந்த ஒரு கம்ப்ளெய்ன்ட் நடந்து வருவதை அவர் பார்த்துவிட்டார். "பொலிசுக்கு எடுப்பமா?"

செசீலியா வெறும் பேணியை மூடினாள். அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவள் பேசாவிட்டால் எல்லாம் முடிந்தது.

"நான்தான் குடுத்தன்" என்றாள் அந்தப் பெண். "நானேதான் கழட்டிக் குடுத்தன். அன்டி எடுக்கமாட்டனெண்டுதான் சொன்னவ. நான்தான் கெஞ்சினன். ஒருத்தருக்கும் சொல்ல வேணாமெண்டும் நான்தான் கேட்டன்."

வல்லிபுரத்துக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "செசீலியாக்காட பேணியப் பத்தி எங்களுக்கிட்டக் கேளுங்க சேர். துண்டில்லாட்டிப் பெத்த புள்ளைக்கும் குடுக்கமாட்டா. சொல்லமாட்டனெண்டா உசிர் போனாலும் சொல்லமாட்டா" என்றார். ஓம் ஓம் என்று நாலைந்து படகுக்காரர்கள் சேர்ந்து சொன்னார்கள். கல்குடாவிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்களும், அன்று மோட்டார் சைக்கிளில் காப்பை எண்ணியவர்கள், தலையாட்டினார்கள். மனேஜர் ஃபோனைப் பார்த்துக்கொண்டே நழுவிவிட்டார்.

மாமியார் மட்டும் அசையவில்லை. மருமகளின் மடியிலிருந்த தாலிக்கொடியை எடுத்துத் தன்னுடைய கைப்பையில் போட்டுப் பூட்டினாள். பிறகு செசீலியாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நீங்க நேரத்தோட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. இவ்வளவு பேரும் அலைஞ்சிருக்க மாட்டாங்களே."

செசீலியாவின் நாக்கின் நுனியில் பத்துப் பதில் இருந்தது. உன் மேலுள்ள பயத்தில்தானே இந்தப் பிள்ளை கழற்றினதைச் சொல்லவில்லை என்று கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள், கரையிலிருந்து யாரோ துவாயை ஆட்டித் திருப்பிக் கூப்பிட்ட றிஸ்லானின் படகு கரையைத் தட்டிவிட்டது.

றிஸ்லானை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். கால் மணலில் நிற்கவில்லை. குடித்தவன் போல ஒரு பக்கமாகச் சாய்ந்தான். இடது காதிலிருந்து இரத்தம் கழுத்து வழியாக வழிந்து சட்டையில் இறங்கியிருந்தது. "கிடைக்கல்லக்கா. அடியில ஒரே இருட்டு" என்றான் செசீலியாவைப் பார்த்து. அவனை ஓட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். செசீலியா அவனுடைய ஃபோனையும் மோதிரத்தையும் எடுத்து ஓட்டோவுக்குள் நீட்டினாள். துண்டைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் அலுமாரியைத் திறக்கவில்லை. கரை முழுக்க அவளுடைய பேச்சுத்தான். படகுக்காரர்கள் வருகிற ஆட்களிடம் எல்லாம் அந்தக் கதையைச் சொல்லி, கையைக் காட்டி அனுப்பினார்கள். கோவிலில் ஒரு பெண், இருபது வருடமாகப் பேசாத ஒருத்தி, வலிய வந்து தன் மகளின் சங்கிலியை ஒரு கிழமைக்கு வைத்திருக்க முடியுமா என்று கேட்டாள். செசீலியா அவளை வாய்க்கு வந்தபடி ஏசி அனுப்பினாள். நல்ல பெயர் வந்து சேர்ந்த நேரத்தில் இந்த மனுசிக்கு என்ன பிடித்துவிட்டது என்று ஜெயராஜாவுக்கு விளங்கவில்லை.

நாலாம் நாள் தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஓட்டமாவடிக்குப் போனாள். றிஸ்லானின் மனைவி ஸகியா கதிரை போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். றிஸ்லான் சுவரில் சாய்ந்து பாயில் இருந்தான். இடது காதில் பஞ்சு. செவிப்பறை கிழிந்துவிட்டதாம். மூன்று மாதம் தலை நனையக்கூடாதாம். கேட்பது திரும்புமா என்று பிறகுதான் சொல்ல முடியுமாம். மூன்று மாதத்தில் வாடைக் காற்றுத் தொடங்கிவிடும். இந்த வருடக் கடல் அவனுக்கு முடிந்துபோனது. இதையெல்லாம் அவன் யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னான்.

"அத விடுங்க. உங்களப் பத்தித்தான் ஊரெல்லாம் கதைக்கிறாங்க. மனேஜரே வாயப் பொத்திட்டாராமே" என்று சிரித்தான். "எனக்கு அந்தப் புள்ளையில கோபமில்ல. பொய் சொல்லக்குள்ள நான் இறங்குவனெண்டு அதுக்குத் தெரியுமா? அத விடுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச உடன பேணியத் தூக்கிக்கிட்டு வந்திட்டீங்களாமே, வல்லிபுரம் சொன்னாரு."

வல்லிபுரம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். யாரும் அதை மாற்றிச் சொல்லப் போவதில்லை. அந்தப் பெண் கனடாவுக்குப் போய்விடுவாள். செசீலியா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டால், சாகிற வரைக்கும் றிஸ்லான் அப்படியே நம்பிக்கொண்டிருப்பான்.

"இல்ல" என்றாள் செசீலியா. "நீ முதல் தரம் இறங்க முந்தியே எனக்குத் தெரியும்."

றிஸ்லான் சிரித்த முகத்தோடு அவளைப் பார்த்தான். "என்னக்கா சொன்னீங்க? அந்தப் பக்கம் ஒண்டும் கேக்கிறல்ல."

அவள் அவனுடைய இடது பக்கத்தில் இருந்திருக்கிறாள். செசீலியா எழும்பினாள். கதிரையைத் தூக்கிக்கொண்டு பாயைச் சுற்றி வந்து, வலது பக்கத்தில் போட்டு இருந்தாள்.

"நீ முதல் தரம் இறங்க முந்தியே எனக்குத் தெரியும், தாலி என்ட பேணிக்குள்ளதான் கிடக்கெண்டு. அந்தப் புள்ளயும் வந்து, சொல்ல வேணாமெண்டு கெஞ்சிட்டுப் போனது. நான் வாசல்ல நிண்டு நீ இறங்கிறதப் பாத்துக்கிட்டு நிண்டன். மூண்டாந்தரமும் பாத்தன்."

ஸகியா கோப்பையோடு கதவடியில் நின்றுவிட்டாள். றிஸ்லானின் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அவனுடைய கை காதுப் பஞ்சைத் தொட்டுவிட்டுக் கீழே வந்தது.

"அப்ப ஏன் ஆளனுப்பல்ல?"

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டனெண்டு வாக்குக் குடுத்திட்டன்."

"ஆருக்கு?" என்று றிஸ்லான் கேட்டான்.

செசீலியா வாயைத் திறந்தாள். அந்தப் பெண்ணின் பெயர் அவளுக்குத் தெரியாது.